மருந்துக்கும் சாட்சி வேண்டும்!



சம்பளத் தகராறு ஒன்று தொழில் கோர்ட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே முதலில் கேட்பது என்ன? செக்ரோல் புத்தகம் எங்கே? பால் நிறுத்த கணக்கு எங்கே? "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்று நிர்வாகி சொன்னாலும் எடுபடாது. நாம் சொன்னாலும் எடுபடாது. பத்து வெள்ளி பாக்கிக்கே இத்தனை சாட்சி வேண்டியிருக்கிறது. அப்படியானால் உடம்புக்குள்ளே போகின்ற மருந்துக்கு எத்தனை சாட்சி வேண்டும்?

இந்தக் கேள்வியை நம்மில் அநேகர் கேட்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தார், விழுங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொடியைச் சொன்னார், அதையும் விழுங்கினோம். இரண்டுக்கும் பின்னால் என்ன சாட்சி நிற்கிறது என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் இடம் நாட்டில் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. அந்த இடத்தைப் பற்றியும், அங்கே நமக்குள்ள உரிமையைப் பற்றியுந்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

சாட்சியை விசாரிக்கும் இடம்

சுகாதார அமைச்சின் கீழ் 1995-ஆம் ஆண்டில், சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. இன்று அதை "மாஹ்டாஸ்" என்று சுருக்கிச் சொல்கிறார்கள். புதிய மருந்தோ கருவியோ வந்தால், அது சொன்னபடி வேலை செய்கிறதா, கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று பார்ப்பது அதன் ஒரு வேலை. வைத்திய நிபுணர் சங்கங்களோடு சேர்ந்து, இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை என்று நாடு முழுமைக்கும் பொதுவான வழிகாட்டி ஏடுகளைத் தயாரிக்கத் துணை நிற்பது இன்னொரு வேலை. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, காசம், டிங்கி என்று நம் வீடுகளில் நித்தம் அடிபடுகின்ற நோய்களுக்கெல்லாம் இப்படிப்பட்ட ஏடுகள் உண்டு.

ஓர் ஏடு எப்படி உருவாகிறது? நிபுணர்களும், சர்க்கார் கிளினிக் டாக்டர்களும், மருந்தாளர்களும், தாதியரும் கூடி ஒரு குழு அமைகிறது. விடை காண வேண்டிய கேள்விகளை முதலில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கேள்வி குறித்து உலகத்தில் நடந்திருக்கும் ஆராய்ச்சிகளைத் தேடித் திரட்டுகிறார்கள். ஒவ்வொன்றையும் தரம் பார்க்கிறார்கள். பிறகுதான் "இதைச் செய்க", "இதைத் தவிர்க்க" என்று எழுதுகிறார்கள். குழுவில் இல்லாத வேறு நிபுணர்கள் அதைப் படித்துக் குறை சொல்லலாம். குழுவில் உட்காருகிறவர், மருந்துக் கம்பெனியோடு தமக்குத் தொடர்பு இருந்தால் அதை எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். கடைசியில் சுகாதாரத் தலைமை இயக்குநர் தலைமையில் இயங்கும் மன்றம் அங்கீகரிக்க வேண்டும். சில வருஷம் கழித்துப் புதிய சாட்சிகள் வந்தால் ஏடும் திருத்தப்படும். இனிப்பு நீருக்கான ஏடு 2020-ஆம் ஆண்டில் ஆறாம் பதிப்பைக் கண்டது. காசத்துக்கான ஏடு 2021-இல் நான்காம் பதிப்பைக் கண்டது.

தரம் பார்ப்பதாகச் சொன்னோமே, அதுதான் இதில் உயிர்நாடி. ஒரு பெரிய டாக்டர் "என் அனுபவத்தில் இது நல்லது" என்கிறார். அதுவும் சாட்சிதான், ஆனால் வரிசையில் கடைசி இடம் அதற்கு. மருந்து சாப்பிட்ட நூறு பேரைப் பார்த்து எழுதிய கணக்கு அதற்கு மேல். மருந்து சாப்பிட்டவர் ஒரு புறம், சாப்பிடாதவர் ஒரு புறம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்து, இரண்டு புறத்தையும் ஒரே கண்ணோடு பார்த்து எண்ணிய கணக்கு அதற்கும் மேல். அப்படிப்பட்ட பல கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் மேல்.

இதைத் தோட்டத்துக்காரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் ஏற்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மர வகையை வெட்டாத கை நம்மில் எத்தனை கை? அந்த மரம் நல்ல மரம் என்று துரை ஒருவர் கனவு கண்டு சொல்லவில்லை. ஒரே மண்ணில் வேறு வேறு வகையை நட்டு, ஒரே மாதிரி வெட்டி, பாலை நிறுத்து, வருஷக் கணக்கில் எழுதி வைத்து, அப்புறந்தான் தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்தார்கள். மரத்துக்குச் சிபாரிசு எழுத இவ்வளவு கணக்கு என்றால், மனிதனுக்குச் சிபாரிசு எழுத அதைவிடக் குறைந்த கணக்கு போதுமா?

கிள்ளான் சொன்ன கணக்கு

எண்ணிப் பார்க்கும் இந்த வைத்திய முறை எங்கோ சீமையில் பிறந்து நேற்றுத்தான் இங்கே இறக்குமதியானது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் ஆரம்பப் பாடங்களில் இரண்டு இந்தக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் எழுதப்பட்டவை. அதில் நமது மக்களின் உடம்பும் இருக்கிறது.

1901-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு ஜில்லா வைத்தியராக வந்தார். ஊர் முழுவதும் குளிர்காய்ச்சல். பக்கத்தில் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் (இன்றைய கிள்ளான் துறைமுகந்தான்) காய்ச்சலில் படுத்துவிட்டது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து அப்போது நாலு வருஷங்கூட ஆகவில்லை. ஊரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடித்து, கொசு முட்டையிடும் இடத்தை ஒழிக்கலாம் என்று வாட்சன் சொன்னார். பணம் செலவாயிற்று. பலன் உண்டா?

அவர் ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டி எண்ணினார். 1901-இல் கிள்ளான் பட்டணத்திலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் 334 பேர். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து 188 பேர். 1905-இல் கிள்ளானிலிருந்து 12 பேர். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து 11 பேர். இத்தோடு நிறுத்தியிருந்தால், "காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கும்" என்று எவனும் சொல்லியிருக்கலாம். வாட்சன் மூன்றாவதாக ஒரு வரியையும் எழுதினார். கால்வாய் வெட்டாத, ஜில்லாவின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள்: 1901-இல் 197 பேர், 1905-இல் 353 பேர்!

தோழர்களே, அந்த மூன்றாவது வரியை மறுபடி படியுங்கள். வேலை நடந்த இடத்தில் காய்ச்சல் இறங்கிற்று. நடக்காத இடத்தில் ஏறிற்று. ஜில்லாவில் புதுத் தோட்டங்கள் திறந்து ஜனத்தொகை கூடியதும் ஏற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. சாட்சியை நிறுப்பதென்றால் அதையுஞ் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். ஆனால் பட்டணத்தில் 522 பேர் 23 பேராகக் குறைந்ததற்கு அந்தச் சமாதானம் செல்லாது. கொசுவை ஒழித்ததுதான் காரணம் என்பதற்குச் சாட்சி சொன்னது அந்த மூன்றாவது வரி. அந்த வரியிலே படுத்துக்கிடந்தவர்களில் தோட்டத்துக் கூலிகளாக வந்த நம் பாட்டன் பாட்டிகளும் இருந்தார்கள். சாட்சி அவர்களுடையது; கால்வாய் பட்டணத்துக்கு!

தோட்டங்களின் கதி என்ன ஆயிற்று? 1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு ஏறக்குறைய 63 பேர் அந்த ஒரே வருஷத்தில் மாண்டார்கள். அதே 1911-இல்தான் மலேரியா ஆலோசனைச் சபை என்ற பெயரில், நாட்டுக்கு வழிகாட்ட ஒரு சபையை அரசாங்கம் நிறுவியது. பட்டணத்தில் பலன் கண்டு பல வருஷம் கழித்து!

இன்னொரு பாடமும் வாட்சனிடம் இருக்கிறது. கிள்ளான் கரையோரச் சமநிலத்தில் காட்டை வெட்டியது பலித்தது. அதே வேலையைக் குன்றுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் அடங்கவில்லை, அதிகரித்தது. காரணம், சமநிலத்துக் கொசு வேறு, குன்றுக் கொசு வேறு. "அம்புரோசஸ்" என்ற கொசுவுக்கு நிழல் படிந்த காட்டுச் சேறு வேண்டும். "மாக்குலாட்டஸ்" என்ற கொசுவுக்கு வெயில் படுகின்ற தெளிந்த ஓடை நீர் வேண்டும். காட்டை வெட்டியதும் இரண்டாவதற்குக் கொண்டாட்டம்! ஆகவே ஓரிடத்துச் சாட்சியை வைத்து வேறிடத்துக்குத் தீர்ப்பெழுதினால், நல்ல எண்ணமே உயிரைக் குடித்துவிடும்.

புழுங்கலரிசியின் வெற்றி

இரண்டாவது பாடம் நமது சோற்றுப் பானையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிபெரி என்றொரு நோய். கால் வீங்கும், நடை தளரும், இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிது. ஏன்? நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற டாக்டர் சோற்றைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோய் அரிசியில்தான் இருக்கிறது என்றார். மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. "கிருமி" என்றார் ஒருவர். "ஈரமான கட்டடம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் படித்தவர்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம்.

அபிப்பிராயத்தை அபிப்பிராயத்தால் வெல்ல முடியாது. 1905-ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டு; இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறு வார்டு. முன்னவருக்குச் சயாம் பச்சரிசி, பின்னவருக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்த்தால், பச்சரிசி வார்டில் பெரிபெரியால் 18 பேர் மாண்டிருந்தனர். புழுங்கலரிசி வார்டில் அந்நோயால் ஒருவர் கூடச் சாகவில்லை.

அதோடு விடவில்லை. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். பச்சரிசிப் பிரிவில் நோய் கண்டது. அரிசியை மாற்றினார்கள், நோயும் இடம் மாறியது! 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல வைத்தியர் மகாநாடு, தீட்டிய அரிசியையே தொடர்ந்து உண்பதால் வருவது பெரிபெரி என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் போவதில்லை என்ற விளக்கம் பின்னால் வந்தது. அந்தச் சத்தைத்தான் இன்று பி-1 வைட்டமின் என்கிறோம்.

இதிலே நாம் பெருமைப்படவும் இடமுண்டு, சிந்திக்கவும் இடமுண்டு. நெல்லை அவித்துக் குத்திய நம் பாட்டிமார் எந்தப் புத்தகமும் படித்தவர்களல்லர். அவர்கள் பழக்கம் சரியென்று உலகம் ஒப்புக்கொண்டது, அது பழைமையானது என்பதற்காகவா? கிடையாது. எண்ணிப் பார்த்தபோது நின்றது, அதனால் ஒப்புக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் "பாட்டி வைத்தியம்" என்று பெயர் போட்டுப் பொட்டலம் விற்கிறவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: ஐயா, உமது பொடி எந்த வார்டில் நின்று ஜெயித்தது? மருந்துகளுக்குள் சாதி கிடையாது. வேரானாலும் சரி, ஊசியானாலும் சரி, பரீட்சை ஒன்றுதான்.

சிந்திக்க வேண்டியது இது. மனநோய் ஆஸ்பத்திரியில் அந்த ஏழைகளின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பச்சரிசி வார்டில் செத்த பதினெட்டு பேருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. இன்று சோதனைக்கு முன் சம்மதம் வாங்க வேண்டும், அறநெறிக் குழு அனுமதி வேண்டும் என்பதெல்லாம் விதியாகிவிட்டது. ஆனாலும் சாட்சி கொடுப்பவன் ஏழை, பலனை முதலில் பெறுபவன் வேறொருவன் என்ற பழைய வழக்கம் மாறிற்றா என்று நாம் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

சேத்துப்பட்டில் விழுந்த தீர்ப்பு

பெரியவர்களின் அபிப்பிராயத்தைக் கணக்கு கவிழ்த்த கதை தாய்த் தமிழகத்திலும் உண்டு. அது ஏழைத் தொழிலாளிக்குச் சாதகமாகக் கவிழ்ந்தது என்பதால் இங்கே சொல்ல வேண்டும்.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு இல்லாமல் பிழைக்க மாட்டான் என்பது வைத்திய உலகின் வேதவாக்கு. ஒரு தோட்டத் தொழிலாளி ஒரு வருஷம் படுத்துக்கொண்டால் குடும்பம் என்ன ஆகும் என்று அந்த வேதம் கேட்கவில்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் அதைக் கேட்டது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியைச் சேரிக் குடிசைகளிலேயே விட்டு, அதே மருந்தை மட்டும் கொடுத்தார்கள். சானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும். குடிசையில் கஞ்சியும் வேலையும். 1959-இல் முடிவு வந்தது. குணமானவர் விகிதம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே! வீட்டில் இருந்தவரால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவுமில்லை. மருந்தை விடாமல் சாப்பிடுவதுதான் காரியம் என்று தெளிவாயிற்று. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடின. இன்று நமது நாட்டுக் காச ஏட்டிலும் பெரும்பாலோருக்கு வீட்டிலிருந்தே, கண்காணிப்போடு மருந்து என்று இருப்பதற்கு அடிவேர் அங்கே இருக்கிறது.

சீட்டுக் குலுக்கி எண்ணியிராவிட்டால், இன்னும் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்குமோ!

இன்று நம்மைத் தின்னும் நோய்

மலேரியா போயிற்று, பெரிபெரி போயிற்று. இப்போது லயத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் நம்மைத் தின்பது இனிப்பு நீர். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 18.3 பேருக்கு இந்நோய். இந்திய வம்சாவளியினரில் நூற்றுக்கு 31.4! புதிதாக இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவரை அங்கே அனுப்பி வைப்பது இந்த நோய்தான். காலை இழந்தவர்களை நம் தெருவில் தேட வேண்டியதில்லை.

வாட்சனின் குன்றுக் கொசுவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் உடம்பை வைத்து எழுதிய அளவு நமக்குப் பொருந்துமா? உயரத்துக்கு எடை கூடுதலா என்று பார்க்கும் கணக்கில் 25-க்கு மேல் போனால்தான் கவலை என்பது ஐரோப்பியருக்கு எழுதியது. ஆசிய மக்களுக்கு அதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது, 23-லிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு ஒன்று 2004-இல் சொல்லிற்று. நமது நாட்டு ஏடுகளும் 23-ஐ எடுத்துக்கொண்டன. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஒருவர் 68 கிலோ வரை காத்திருக்கலாம் என்பது பழைய கணக்கு. 63 கிலோவிலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தக் கணக்கு. தேசத்துக்கென்று ஒரு சபை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அந்த ஏட்டில் இன்னும் என்ன இருக்கிறது? நோய்க்குறி இல்லாவிட்டாலும் 30 வயதுக்கு மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நோய் கண்டவருக்கு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை காலந்தவறாமல் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தைப் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணின் உட்புறத்தையும் பார்த்து வர வேண்டும். இது எந்த டாக்டரும் நமக்குச் செய்யும் தயவல்ல. நாடு ஏற்றுக்கொண்ட வழிமுறை. காலுறைக்குள்ளே புண் இருப்பது தெரியாமல் ரப்பர் பூட்ஸ் போட்டு நிரைக்குப் போகிறவருக்கு, "இந்த வருஷம் என் பாதத்தைப் பார்த்தாயிற்றா?" என்ற ஒரு கேள்வி காலையே காப்பாற்றும்.

இரண்டு ஆட்சேபங்கள்

"ஏட்டைப் பார்த்து வைத்தியம் செய்வதா? ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதம். டாக்டரின் கையைக் கட்டிவிடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏடு சட்டப் புத்தகமன்று. நோயாளியைப் பார்த்து டாக்டர் வேறு வழி எடுக்கலாம் என்று அந்த ஏடுகளே சொல்கின்றன. ஆனால் பாதை இன்னது என்று தெரிந்து விலகுவது ஒன்று. பாதையே தெரியாமல் அலைவது வேறு. விலகுகிறவர் ஏன் விலகினேன் என்று சொல்லக் கடமைப்பட்டவர். கேட்க நமக்கு உரிமையுண்டு.

இன்னொரு ஆட்சேபம் நம்மவர் பக்கத்திலிருந்து வருகிறது. "இதெல்லாம் செலவைச் சுருக்க அரசாங்கம் செய்யும் தந்திரம்" என்கிறார்கள். காசைப் பார்ப்பது உண்மை. அதை ஒளிக்க வேண்டியதில்லை. 1999-இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட "நைஸ்" என்ற தேசிய ஸ்தாபனமும் காசைப் பார்க்கிறது; அங்கேயும் சண்டை ஓயவில்லை. ஆனால் பொதுப் பணத்தைப் பயனற்ற மருந்தில் கொட்டினால் நஷ்டப்படுவது யார்? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வசதியுள்ளவரா, சர்க்கார் கிளினிக்கின் வரிசையில் நிற்கும் நாமா? கணக்கு வெளிச்சத்தில் நடக்கட்டும். காரணங்கள் எழுத்தில் இருக்கட்டும். எதிர்த்துக் கேட்க வழியிருக்கட்டும். அப்போது தந்திரத்துக்கு இடமில்லை. மூடிய அறையில் நடக்கும் சிக்கனத்தைத்தான் நாம் எதிர்க்க வேண்டும்.

நாம் கேட்பது

முதலாவது, மொழி. இந்த ஏடுகள் டாக்டர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. எழுதட்டும். ஆனால் ஒவ்வோர் ஏட்டோடும் நோயாளிக்கென இரண்டு பக்கச் சுருக்கம், தமிழ் உட்பட இந்நாட்டு மக்கள் பேசும் மொழிகளில், தவறாமல் வர வேண்டும். இன்று தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களையும் மறக்கக்கூடாது. நோய் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

இரண்டாவது, எண்ணிக்கை. எந்த இனம், எந்த வயது என்று கேட்கும் ஆய்வுகள், எந்தத் தொழில் என்பதையும் கேட்டு எண்ண வேண்டும். களைக்கொல்லி தெளிக்கும் பெண்களின் நகமும் தோலும் மூச்சும் என்ன ஆகின்றன என்பதற்கு முறையான கணக்கு வேண்டும். பாராகுவாட் விஷத்தின் கதை நமக்குத் தெரியும். 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020-இல் மறுபடி முழுத் தடை என்றார்கள். அந்தப் பதினெட்டு வருஷ ஊசலாட்டத்தில் தெளித்தவர் யாரோ, அவர் உடம்புதான் அதற்கு விலை கொடுத்தது.

மூன்றாவது, நாற்காலி. வழிகாட்டி எழுதும் குழுக்களில் நிபுணர்கள் இருக்கட்டும்; நோயை அனுபவிப்பவரும், அவர் உழைக்கும் நிலையை அறிந்தவரும் இருக்க வேண்டும். "நேரத்துக்குச் சாப்பிடுக" என்று எழுதுவது சுலபம். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயிலேறிப் பால் நிறுத்த பிறகு வாய் நனைக்கிறவனுக்கு ஊசியும் மாத்திரையும் எந்த நேரம் என்று எழுத வேண்டுமானால், அந்த நேரத்தை அறிந்தவன் மேசையில் இருந்தாக வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை அமைச்சிடம் கேட்க வேண்டும்.

நாலாவது, நமது வேலை. ஒவ்வொரு கிளையிலும் வருஷத்துக்கு ஒரு கூட்டமாவது இதற்கென நடக்கட்டும். அரசாங்கக் கிளினிக் தாதியை அழைத்து, இனிப்பு நீர் ஏடு என்ன சொல்கிறது என்று தமிழில் விளக்கக் கேட்போம். முப்பது தாண்டியவர்கள் சோதித்துக்கொள்வோம். மருந்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கத்தை விடுவோம். பொட்டலக்காரரிடம் சாட்சி கேட்போம். டாக்டரிடம் மரியாதையோடு காரணம் கேட்போம்.

1901-இலிருந்து சாட்சிக் கூண்டில் நிற்கிறோம். நமது காய்ச்சலை எண்ணினார்கள், நமது சோற்றை எண்ணினார்கள், இன்று நமது சர்க்கரையை எண்ணுகிறார்கள். எண்ணட்டும், எண்ணாமல் விட்டால்தான் ஆபத்து. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து எழுதப்படும் தீர்ப்பை நம் மொழியில் படிக்கவும், அதை எழுதும் மேசையில் உட்காரவும் நமக்கு உரிமை இருக்கிறது. கூலி உயர்வை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. இதுவும் கேட்டால்தான் கிடைக்கும். கேட்போம்!